நீட்டிய காலும் நோகும் முதுகும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46. உயரம் 5 அடி 5 அங்குலம். பதினெட்டு வருஷம் 100 சிசி வண்டியே ஓட்டினேன். பிள்ளைகளின் படிப்புச் செலவு ஒரு வழிக்கு வந்த பிறகு, போன ஆண்டு ஆசைப்பட்டு 350 சிசி குரூசர் ஒன்று வாங்கினேன். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளியிருக்கும் வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது சுகமாக இருக்கிறது. மாதம் இரண்டு தடவை திண்டுக்கல்லில் இருந்து சேலம் போகிறேன். கரூர் வருவதற்குள் அடிமுதுகு பிடித்துக்கொள்கிறது, வால் எலும்பு எரிகிறது. வலது காலில் கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. மெக்கானிக், "இன்னும் மூணு இன்ச் முன்னாடி தள்ளிக் கொடுத்துர்றேன் சார், காலை நல்லா நீட்டிக்கலாம்" என்கிறார். நண்பர் ஒருவர், "பின்னாடி தள்ளு" என்கிறார். வீட்டில், "வித்துட்டு பழைய மாதிரி வண்டியே எடுங்க" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

– வாசகர், திண்டுக்கல்

பதில்: மெக்கானிக்கிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் வேண்டாம் என்பதை வீட்டிலேயே ஒரு நாற்காலியை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

கைப்பிடி இல்லாத நாற்காலியாக எடுத்து உட்காருங்கள். பாதம் இரண்டும் முட்டிக்கு நேர் கீழே தரையில் இருக்கட்டும். கையால் எதையும் பிடிக்காமல், உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பிட்டத்தை ஓர் அங்குலம் மட்டும் தூக்குங்கள். தூக்க முடிகிறது, இல்லையா? இப்போது கால்களை நன்றாக முன்னால் நீட்டி, குதிகாலை ஊன்றிக்கொண்டு அதையே செய்து பாருங்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நடக்காது. பாதம் உடம்பின் எடைக்குக் கீழே இருந்தால்தான் கால் அந்த எடையைத் தூக்கும். முன்னால் போய்விட்ட பாதம் வெறுமனே ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எடை மொத்தமும் சீட்டில் இறங்குகிறது.

ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியில் காலைப் பற்றியது கொஞ்சம்தான். உங்கள் எடையை யார் சுமப்பது என்பதுதான் பெரும்பகுதி. வண்டி மேல் உட்கார்ந்திருப்பவரின் எடை சீட், பாதம், கை என்று மூன்று இடங்களில் பிரிகிறது. பாதத்தை முன்னால் தள்ளத் தள்ள அதன் பங்கு குறைந்து சீட்டின் பங்கு ஏறும்.

பதினெட்டு வருஷம் நீங்கள் ஓட்டிய 100 சிசி வண்டியை நினைத்துப் பாருங்கள். அதில் பாதம் ஏறக்குறைய இடுப்புக்குக் கீழேயே இருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒவ்வொரு பள்ளத்திலும், உங்களை அறியாமலே ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து உடம்பை ஒரு துளி தூக்கிக் கொடுத்திருப்பீர்கள். அந்த அதிர்ச்சியை முட்டியும் கணுக்காலும் வாங்கிக்கொண்டன. இப்போது உங்கள் உடம்பு அதே பழக்கத்தில் தூக்கப் பார்க்கிறது, முடியவில்லை. அடி நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. நம் ஊர்ச் சாலையில் கரூர் வருவதற்குள் இது எத்தனை தடவை நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வால் எலும்பு எரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தொடையின் பின்பக்கத் தசை இடுப்பெலும்பில் தொடங்கி, முட்டியைக் கடந்து கீழே போய் ஒட்டுகிறது. காலை நீட்டினால் அந்தத் தசை இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்பக்கமாகச் சாய்க்கும். நிமிர்ந்து உட்கார உதவும் அடி எலும்புகளை விட்டு நழுவி, வால் எலும்பின் பக்கம் எடை போய்விடுகிறது. அடிமுதுகில் இயல்பாக இருக்கும் உட்குழிவு மறைந்து முதுகு வெளிப்பக்கம் வளைகிறது. இதோடு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைப் பின்னால் தள்ளுகிறது. பாதத்தால் தாங்கிக்கொள்ள வழியில்லாததால் ஹேண்டில்பாரைக் கையால் இழுத்துப் பிடிக்கிறீர்கள். சேலம் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி தோள்பட்டையும் வலிக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்படியானால் எதற்காக இப்படி வடிவமைக்கிறார்கள்? இந்த உட்காரும் முறை வளர்ந்தது அமெரிக்காவில். ஒரே நேர்கோட்டில் மணிக்கணக்காகப் போகும் அகலமான சாலைகள், நீளமான கால்கள், வெட்டிக் குறைத்துத் தாழ்த்தப்பட்ட சாப்பர் வண்டிகள் எல்லாம் சேர்ந்து உருவான முறை இது. 1969-இல் வந்த ‘ஈஸி ரைடர்’ படம் சாப்பர் வண்டிகளின் தோற்றத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நம் நாட்டில் பலருக்குக் காலை நீட்டி ஓட்டும் வண்டியை எட்டும் விலையில் காட்டியவற்றில் ஒன்று 2005-இல் வந்த பஜாஜ் அவெஞ்சர்.

தோற்றத்துக்காக மட்டும் செய்ததும் இல்லை. குரூசரில் சீட் தாழ்வாக இருக்கும். சீட் தாழ்ந்தால் பாதத்துக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள உயரம் குறைகிறது. ஃபுட்ரெஸ்ட்டை அதற்கேற்பக் கீழே இறக்கினால் வளைவில் சாயும்போது தரையில் உரசும். அதனால் கால் போகக்கூடிய ஒரே திசை முன்பக்கம்தான். ராயல் என்ஃபீல்டின் இரண்டு 650 சிசி வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். சூப்பர் மீட்டியர், ஷாட்கன் இரண்டுக்கும் ஒரே எஞ்சின், எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூப்பர் மீட்டியரின் சீட் உயரம் 740 மில்லிமீட்டர், ஃபுட்ரெஸ்ட் முன்னால். ஷாட்கனின் சீட் உயரம் 795 மில்லிமீட்டர், ஃபுட்ரெஸ்ட் நடுவில். ஐந்தரை சென்டிமீட்டர் உயர்ந்த சீட்தான் காலைப் பின்னுக்குக் கொண்டுவர இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே உங்கள் நண்பர் சொல்கிறபடி, சீட் தாழ்ந்த வண்டியில் ஃபுட்ரெஸ்ட்டை மட்டும் பின்னால் தள்ளினால் முட்டி மடங்கி நெஞ்சுக்கு வரும். முதுகு வலி போய் முட்டி வலி வரலாம்.

முட்டி என்றதும் சொல்லியாக வேண்டும். முட்டி தேய்ந்தவர்களுக்கும் ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்கும் கால் நீட்டி ஓட்டும் வண்டி உண்மையிலேயே வரம். மடக்கிய முட்டியோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியாத எத்தனையோ பேர், இப்படி ஒரு வண்டிக்கு மாறிய பிறகு மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்திருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போதும் ஒரு வசதி உண்டு. ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருந்தால் இறக்கிய கால் தடையில்லாமல் தரையைத் தொடும். நடுவில் இருந்தால் காலை ஊன்றும் இடத்திலேயே ஃபுட்ரெஸ்ட்டும் இருக்கும். வண்டியைக் காலால் தள்ளி நகர்த்தும்போது அது கெண்டைக்காலிலோ முழங்காலுக்குக் கீழே எலும்பிலோ இடிக்கும். சென்னை, கோவை நெரிசலில் தினம் ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி உங்கள் வலது காலுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் இருக்கும் தசை, பாதத்தின் நுனியை மேலே தூக்குவதற்கானது. அது வலிக்கிறது என்றால், பயணம் முழுக்கப் பாதத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பிரேக் பெடல் உங்கள் பாதத்துக்கு அதிக உயரத்தில் இருக்கிறது. தெரியாமல் மிதிபட்டுவிடக் கூடாதே என்று பாதத்தை அதற்கு மேலே நிறுத்தி வைக்கிறீர்கள். ஃபுட்ரெஸ்ட்டை மூன்று அங்குலம் முன்னால் தள்ளினால் இது கூடும், குறையாது.

பெடலை இறக்குவது பெரிய வேலை இல்லை. பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்றால், பெடலில் இருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் கம்பியின் நீளத்தை லாக் நட்டைத் தளர்த்தி மாற்றலாம். அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். வண்டியை ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவோடு ஏறி உட்காருங்கள். குதிகால் அல்லது நடுப்பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் பதிந்திருக்க, கணுக்கால் இயல்பாக இருக்கும் நிலையில், பாத நுனி பெடலுக்கு ஒரு விரல் அகலம் மேலே இருந்தால் சரி. காலைத் தூக்காமல் கணுக்காலை மட்டும் அசைத்து பிரேக் பிடிக்க வர வேண்டும்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. பெடலில் கொஞ்சம் வெற்று ஆட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் கம்பியை இறுக்கிவிட்டால் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும், டிஸ்க் சூடேறும், சூட்டில் ஆயில் விரிந்து சக்கரமே இறுகிவிடும் ஆபத்து உண்டு. அடுத்தது பின் பிரேக் விளக்கு. பெடலின் உயரம் மாறினால் அதன் சுவிட்சும் மாற வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பிரேக் விளக்கும், எரியவே எரியாத பிரேக் விளக்கும் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒன்றுதான்.

இடது பக்கம் வலி இல்லை என்பதால் கியர் லிவரில் அதிகம் கை வைக்க வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பழைய வண்டியில் அநேகமாக முன்னால் மிதித்தால் கியர் ஏறியிருக்கும். இந்த வண்டியில் முன்னால் மிதித்தால் கியர் இறங்கும். திடீர் நெருக்கடியில் கால் பழைய பாடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். பின்பக்க மிதியைக் குதிகாலால் அழுத்திக் கியர் ஏற்றுகிறீர்கள் என்றால், அதற்காக முழுக்காலையும் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க லிவருக்கு அடியில் ஷூ தடங்கல் இல்லாமல் நுழைய வேண்டும். தடித்த பூட்ஸுக்கு மாறியவர்கள் பலரும் இதைச் சரிசெய்யாமல் மாதக்கணக்கில் சிரமப்படுவார்கள். கம்பி இணைப்பு உள்ள வண்டியில் இரு முனை நட்டுகளைத் தளர்த்திக் கம்பியைத் திருகினாலே லிவர் ஏறும், இறங்கும். ஒரு முனையின் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும், பார்த்துத் திருப்புங்கள். கம்பி இல்லாமல் நேரடியாகத் தண்டில் மாட்டிய லிவர் என்றால் ஒரு பல் தள்ளி மாட்டலாம், ஆனால் ஒரு பல்லே பெரிய மாற்றமாக இருக்கும்.

முதுகுக்கு முதல் மருந்து ஃபுட்ரெஸ்ட்டில் இல்லை, ஹேண்டில்பாரில் இருக்கிறது. காலும் முன்னால், கையும் முன்னால் என்றால் உடம்பு அரிவாள் போல வளைந்துவிடும். 5 அடி 5 அங்குலம் உள்ள நீங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஹேண்டில்பாரின் கிளாம்பைத் தளர்த்தி அதை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சுழற்றிக் கொடுத்தால் முழங்கை மடங்கும், முதுகு நிமிரும். சுழற்றிய பிறகு இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளோ பிரேக் குழாயோ இழுபடக் கூடாது, கைப்பிடி டாங்கில் இடிக்கக் கூடாது.

அடுத்து பின் சஸ்பென்ஷன். குரூசரில் சீட்டைத் தாழ்த்துவதற்காகவே பின் சஸ்பென்ஷனுக்குக் குறைந்த நீளம்தான் கொடுத்திருப்பார்கள். உங்கள் எடைக்கு அது மிருதுவாக வைக்கப்பட்டிருந்தால் பள்ளத்தில் அடிவரை போய் ‘டக்’கென்று முட்டும். அந்த முட்டல்தான் வால் எலும்பில் இறங்குகிறது. ஒரு படி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். இறுக்கினால் மேலும் குலுங்குமே என்று தோன்றும். அடிவரை போய் முட்டும் வண்டியில் அதற்கு நேர்மாறாக நடப்பதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக் சொல்லும் நீட்டிப்பு வேலைக்கு நான் ஒத்துக்கொள்ளாததற்கு உங்கள் முதுகைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. பெடலில் இருந்து போகும் கம்பி நீளமானால் ஒவ்வொரு இணைப்பிலும் ஆட்டம் சேரும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் அழுத்தம் பழைய மாதிரி இருக்காது. பட்டறையில் வெல்டிங் வைத்த இடம் உங்கள் மொத்த மிதியையும் தாங்க வேண்டும். சட்டமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவில், உரிமையாளர் செய்யும் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று இருக்கிறது. விபத்து என்று வந்துவிட்டால், மாற்றிய பிரேக் பெடலை இன்சூரன்ஸ்காரர் கவனிக்காமல் விடமாட்டார். தயாரிப்பாளரே உங்கள் மாடலுக்கென்று விற்கும் உதிரிபாகம் இருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். இருந்தால் அது வேறு விஷயம்.

கிராஷ் கார்டில் மாட்டும் கூடுதல் ஃபுட்ரெஸ்ட்டைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். கால் மாற்றி வைத்துக்கொள்ள அது நல்ல சாதனம்தான். ஒரே நிலையில் இருந்த காலுக்கு இரண்டு நிமிடம் மாற்றம் கிடைத்தாலே ரத்த ஓட்டம் சீராகும். ஆனால் காலை அங்கே வைத்திருக்கும் நேரம் முழுக்கப் பின் பிரேக்கும் கியரும் உங்களிடம் இல்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கால் பெடலுக்குத் திரும்ப அரை விநாடி ஆனால் பதினோரு மீட்டர், ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம். பல வருஷம் முன்பு தொப்பூர் பக்கம் அப்படிக் கால் போட்டு வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைந்தது. அவசரத்தில் இறக்கிய என் ஷூ பெடலுக்கு மேலே வராமல் அடியில் மாட்டிக்கொண்டது. முன் பிரேக்கை மட்டும் வைத்து எப்படியோ தப்பித்தேன். அன்றைக்கே அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டேன். நீங்கள் கழற்ற வேண்டியதில்லை; ஆளில்லாத நேர்சாலையில் மட்டும், ஓரிரு நிமிடத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

வலி பிட்டத்தில் தொடங்கித் தொடைக்குப் பின்னால் ஓடிக் காலுக்கு இறங்குகிறது, அல்லது பாதம் மரத்துப் போகிறது என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அதற்கு ஸ்பேனர் வைத்தியம் கிடையாது.

எல்லாம் செய்த பிறகும் வலி குறையவில்லை என்றால், வீட்டில் சொல்வதில் பாதி சரி. வண்டியை மாற்றுங்கள், குரூசர் ஆசையை விட வேண்டியதில்லை. உங்கள் உயரத்துக்கு ஃபுட்ரெஸ்ட் நடுவில், அல்லது நடுவில் இருந்து ஒரு கையகலம் மட்டும் முன்னால் இருக்கும் வண்டி பொருந்தும் என்பது என் கணிப்பு. ஆறடி ஆளுக்கு முட்டியை ஒடிக்கும் அந்த நிலை உங்கள் தொடை நீளத்துக்குத் தாராளமாகவே இருக்கும். கவாஸாகியின் வல்கன் எஸ் போன்ற வண்டியில் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று இடங்களில் மாற்றி வைக்கும் வசதி தொழிற்சாலையிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஓர் அங்குலம் முன்னால், ஓர் அங்குலம் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம். ஓர் அங்குலத்துக்காக ஒரு தொழிற்சாலை இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் மெக்கானிக்கிடமும் சொல்லுங்கள்.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூம்காரர் தெருமுனை வரை போய் வரச் சொல்வார். அதில் எந்த வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். உங்கள் வலி கரூர் பக்கத்தில்தானே வருகிறது? அரை மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள், கூட்டமில்லாத வார நாள் காலையில் போனால் கொடுப்பார்கள். நீங்கள் தினமும் போடும் ஷூவையே போட்டுப் போங்கள். வேகத்தடைகள் உள்ள சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பிட்டம் சீட்டை விட்டு எழ முடிகிறதா என்று பாருங்கள். இதற்கு விடை ‘இல்லை’ என்றால் அந்த வண்டியில் மாதம் இரண்டு தடவை சேலம் போகாதீர்கள். ஒரு யூ டர்ன் அடியுங்கள். உள்பக்க முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறதா, பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி திருப்ப வருகிறதா என்று தெரியும். மேட்டில் நிற்கும் சிக்னல் கிடைத்தால் இன்னும் நல்லது. இடது காலை ஊன்றி, வலது காலில் பிரேக்கைப் பிடித்தபடி, வண்டி பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும்.

இப்போதைக்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நாற்காலிச் சோதனையை முடித்துவிட்டு, பெடல், ஹேண்டில்பார், சஸ்பென்ஷன் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கரூர் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். எந்த மாற்றத்துக்குப் பிறகு எந்த இடத்தில் வலி தொடங்கியது என்று ஒரு சீட்டில் குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். உங்கள் தொடையின் நீளத்தையும், சீட்டில் இருந்து ஃபுட்ரெஸ்ட் வரை உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்து அதோடு சேர்த்து அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.